வீரய்யாவின் துண்டு

குன்றாண்டார்கோவில் பக்கத்தில் யார் வீட்டு மாடு படுத்தாலும் வீரய்யா விசாரிக்கப் போய்விடுவார். மனிதர் படுத்தால் வெள்ளிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம். மாட்டுக்கு அன்றைக்கே போயாக வேண்டும். வாயைப் பிளந்து, நாக்கை இழுத்துப் பார்த்து, ஒழுகும் எச்சிலைத் தோள் துண்டால் துடைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நடப்பார். அங்கே மாடு நன்றாக நிற்கும். "எதுக்கும் பாத்துருவோம்" என்று அதன் வாயையும் பிளப்பார். இந்த மகராசனை யார் தடுப்பது?

முப்பத்தெட்டாம் வருஷம் ஆடியில் கோமாரி வந்தது. வாயெல்லாம் புண், காலெல்லாம் புண். வீரய்யா முதல் நாளே தன் செவலைக் காளையை இரண்டு கல் தொலைவில் மச்சினன் வீட்டில் கட்டிவிட்டார். பிள்ளையில்லாத வீட்டுக்கு அது ஒன்றுதான் பிள்ளை. பிறகு நிம்மதியாக ஊர் மாடுகளை விசாரிக்கக் கிளம்பினார்.

சமஸ்தானத்து மாட்டு டாக்டர் வந்தபோது வழிகாட்டியதும் அவர்தான். டாக்டர் வீட்டுக்கு வீடு கேட்டார்: "நோய் வர்றதுக்கு முன்னாடி யாரு வந்தா?"

"நம்ம வீரய்யாண்ணன்தாங்க. நாக்கைப் பாத்துட்டுப் போனாரு. தங்கமான மனுசன்" என்றார் முதல் வீட்டு அடைக்கலம். அடுத்த வீட்டு நல்லதம்பியும் அதையே சொன்னார். ஆறாவது வீட்டில் வீரய்யா டாக்டரின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

"கையி, காலு, துணி எல்லாத்துலயும் ஒட்டிக்கிட்டுப் போகுங்க. பத்து நாளைக்கு நல்ல மாட்டுக்கிட்ட போகாதீங்க" என்றார் டாக்டர்.

மறுநாள் காலை மனைவி செங்கமலம் துண்டை அடுப்பில் வைத்துக் கொளுத்தினாள். அது எரிந்து முடியும்வரை வீரய்யா பார்த்துக்கொண்டு நின்றார். பாவமாகத்தான் இருந்தது.

அன்று மாலை, அவரைக் காணாமல் ஏங்கிப்போன செவலை கயிற்றை அறுத்துக்கொண்டு வந்துவிட்டது. ஊர் எல்லையில் அவரைக் கண்டதும் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தது. மாட்டைக் கண்டு பயந்தறியாத வீரய்யா அலறியடித்து ஓடிப் புளியமரத்தில் ஏறினார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு.

"கிட்ட வராதடா என் ராசா! செங்கமலம், இவனை அங்கிட்டு ஓட்டிக்கிட்டுப் போ!"

அவள் வந்து இழுத்தும் செவலை அசையவில்லை. கழுத்தை நீட்டி, அவர் கையை நக்க நாக்கை நீட்டியது. புண் ஒன்றும் இல்லாத நாக்கு. மேலிருந்தே பார்த்துவிட்டு வீரய்யா அழுதார். கண்ணைத் துடைக்கத் தோளில் துண்டைத் தேடினார்.