அம்புரோஸுக்குக் குறைந்த ஓர் எழுத்து

1947 ஜனவரி 20, திங்கட்கிழமை. அம்புரோஸ் பர்னாந்துக்கு அன்றைக்கு முப்பத்திரண்டு வயது, நாலு மாதம். பட்டாளத்தில் இருந்த நாலு வருஷத்தில் தான் ஒரு நாள்கூட லாரி ஓட்டியதில்லை என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரியவந்தது.

சொன்னவர் சுந்தரராஜ். சண்டையிலிருந்து திரும்பியவர்களுக்கு வேலை பார்த்துக் கொடுக்கத் தூத்துக்குடியில் திறந்திருந்த அலுவலகத்தின் குமாஸ்தா. சாயர்புரத்தில் இங்கிலீஷ் படித்தவர். துறைமுகத்தில் லாரி டிரைவர் வேலை ஒன்று காலியாக இருந்தது. பழைய சிப்பாய்க்கென்றே ஒதுக்கிய வேலை. மார்ச் 3ஆம் தேதி ஆள் எடுப்பார்கள். அதற்காக அம்புரோஸ் நீட்டிய டிஸ்சார்ஜ் புத்தகத்தைச் சுந்தரராஜ் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் புரட்டினார்.

“அண்ணாச்சி, இதுல உம்ம தொழில் என்னன்னு போட்டிருக்கு தெரியுமா?”

“டிரைவர்.”

“டைவர்.”

“அதத்தான சார் நானும் சொல்லுதேன்.”

“நீரு சொல்லுதது டிரைவர். இதுல இருக்கது டைவர். நடுவுல ஒரு ஆர் இல்ல.”

அம்புரோஸ் எட்டிப் பார்த்தார். ஆர் இல்லாமல் இல்லை. இருந்தது. அதன் தலைமேல் சிவப்பு மையில் ஒரு கோடு விழுந்திருந்தது. கோட்டின் ஓரத்தில் யாரோ ஒருவருடைய கையெழுத்து. அந்தக் கோடு எப்படி வந்தது என்று அவருக்குத் தெரியும்.

1942இல் பட்டாளத்துக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் என்ன தொழில் என்று கேட்டார்கள். அம்புரோஸ் பதினைந்து வயதிலிருந்து கடலில் மூழ்கிச் சங்கு எடுத்தவர். அவருடைய அப்பா இருபத்தேழாம் வருஷத்து முத்துக்குளிப்பில் இறங்கியவர். துறைமுகத்து வெள்ளைக்காரர்கள் வாயில் கேட்ட வார்த்தையை அம்புரோஸ் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்: “டைவர், சார்.” அப்பாவின் முத்துக்குளிப்பையும் கேட்ட ஒருவர் பழைய தொழில் ‘முத்து டைவர்’ என்று எழுதினார்; பட்டாளத்துத் தொழிலை எழுதியவர் காதில் அது ‘டிரைவர்’ என்று விழுந்தது. ரயிலேற்றி, கடலே இல்லாத ஓர் ஊரில் இறக்கி, மூன்று டன் லாரி ஒன்றின் முன்னால் நிறுத்தினார்கள். கடலுக்குக் கூட்டிப்போகிற லாரி என்று நினைத்து அம்புரோஸ் பின்பக்கம் ஏறப் போனார். பிடித்து இழுத்து முன்பக்கம் உட்காரவைத்தார்கள்.

மறுத்துப் பேச அவருக்கு இந்துஸ்தானி தெரியாது. அது தெரிவதற்குள் லாரி ஓட்டத் தெரிந்துவிட்டது. மணிப்பூர் மலைப்பாதையில் மழையிலும் சேற்றிலும் இரண்டு வருஷம் ஓட்டினார். பக்கத்தில் விழுந்து வெடித்த ஒரு குண்டு வலது காதின் பறையைக் கிழித்துவிட்டுப் போனது. ஆஸ்பத்திரிக்குப் போனால் லாரியை வேறொருவனுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று பஞ்சை அடைத்துக்கொண்டு ஓட்டினார். அதனால் அந்தக் காது எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை.

46இல் ஆட்களை வீட்டுக்கு அனுப்புகிற முகாமில் ஒரு குமாஸ்தா இரண்டு பக்கங்களை ஒப்பிட்டுப் பார்த்தார். பட்டாளத்துக்கு முந்திய தொழில்: முத்து டைவர். பட்டாளத்துத் தொழில்: டிரைவர். எது சரி என்று கேட்டார். வீட்டுக்குப் போகிற குஷியில் இருந்த அம்புரோஸ், “முதல்லயே தப்பா எழுதிப்புட்டாங்க சார், நான் டைவர்” என்று தொடங்கிப் பழைய கதை முழுவதையும் சொல்லிச் சிரித்தார். அந்தக் குமாஸ்தா சிரிக்கவில்லை. சிவப்பு மைப் பேனாவை எடுத்தார்.

“உண்மையத்தான் சார் சொன்னேன்” என்றார் அம்புரோஸ் இப்போது.

“எந்த உண்மைய?” என்றார் சுந்தரராஜ்.

அம்புரோஸ் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பிச் சிவப்புக் கோட்டை மறுபடியும் பார்த்தார்.

சுந்தரராஜ் அன்றைக்கே வடக்கே இருக்கிற பதிவு அலுவலகத்துக்கு மனு எழுதினார். மூன்றே வரி. தொழில் என்ற இடத்தில் உள்ள பிழையைத் திருத்தித் தர வேண்டும். டைவர், டிரைவர் என்ற இரண்டு சொற்களும் மாறிவிட்டன. பிப்ரவரி 10ஆம் தேதி பதில் வந்தது. அது இரண்டே வரி. மேற்படி பிழை ஏற்கெனவே கவனிக்கப்பட்டு, டிரைவர் என்பது டைவர் என்று திருத்தப்பட்டாயிற்று. ஆகவே மேல்நடவடிக்கை தேவையில்லை.

“அதாவது, நீரு என்ன கேட்டீரோ அத முன்னாலயே செஞ்சுட்டாங்களாம்” என்றார் சுந்தரராஜ்.

“நான் அதுக்கு மாத்தியில்லா கேட்டேன்?”

“நான் எழுதுனதையே நான் இப்ப வாசிச்சா அவங்க சொல்லுததுதான் சரின்னு தோணுது, அண்ணாச்சி.”

அதே நாள் வீட்டில் சங்கு அலுவலகத்திலிருந்து இன்னொரு கடிதம் காத்திருந்தது. அரசாங்கச் சங்குக் குளிப்புக்குப் பழைய சிப்பாய்களில் தேர்ந்த டைவர் ஒருவர் தேவைப்படுகிறார். மார்ச் 3ஆம் தேதி காலை ஏழு மணிக்குப் படகுத்துறைக்கு வர வேண்டும். வரத் தவறினால் வேலைப் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்படும். கடிதத்தை வாசித்துக் காட்டியவன் மச்சினன் ஜேசுதாசன். வாசித்து முடித்ததும் அவன் அக்கா, அம்புரோஸின் பெண்டாட்டி இஞ்ஞாசியம்மாள், கையிலிருந்த மீனைச் சட்டியில் போட்டுவிட்டு எழுந்தாள்.

“போவக் கூடாது.”

“போவலன்னா பேர அடிச்சிருவாங்களாம், ஏளா. பொறகு லாரி வேலயும் இல்ல, ஒரு வேலயும் இல்ல.”

“போனா ஆளே இல்ல. நவம்பர்ல நடந்தது மறந்துபோச்சோ?”

யாரும் மறக்கவில்லை. சங்கு குளிக்கிறவனின் கயிற்றைப் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன் பிடிப்பது அந்தக் கரையின் வழக்கம். தன் அக்காளை விதவையாக்கிக்கொள்ள எவனும் கயிற்றை விடமாட்டான். போன நவம்பரில் ஜேசுதாசன் கயிறு பிடிக்க, அம்புரோஸ் சங்கெடுக்க ஏழு பாகம், அதாவது நாற்பதடிக்கு மேல், ஆழத்தில் இறங்கினார். கிழிந்த காதுக்குள் தண்ணீர் போனதும் கடல் தலைகீழாகப் புரண்டது. எது மேல், எது கீழ் என்று தெரியவில்லை. மேலே போகிறோம் என்று நினைத்து இரண்டு கையாலும் நீந்தினார். கைக்கு மணல் தட்டுப்பட்டது. மேலே எப்படி மணல் வந்தது என்று குழம்பிக்கொண்டே அதைத் தோண்டினார். கயிறு இழுபடாததைப் பார்த்து ஜேசுதாசன் சுண்டி இழுத்தபோது, பாதம் முதலிலும் தலை கடைசியிலுமாக வெளியே வந்தார்.

“காது போச்சுன்னு எழுதிக் குடுத்தா என்ன, மச்சான்?” என்றான் ஜேசுதாசன்.

மறுநாள் அதைச் சுந்தரராஜிடம் கேட்டார்கள். அவர் தலையை ஆட்டினார். “காது கேக்காதுன்னா சங்கு வேல போவும், சரி. லாரி வேல மட்டும் நிக்குமா? ஆரன் சத்தம் கேக்காதவனுக்கு எவன் லாரி குடுப்பான்?”

“இடது காது நல்லாக் கேக்கும் சார்.”

“அது உமக்குத் தெரியும். காயிதத்துக்குத் தெரியாதுல்லா.” அவர் புத்தகத்தை இழுத்தார். “நீரு லாரி ஓட்டுனதுக்கு இதுக்குள்ளயே ஒரு சாட்சி வேணும். ஒரே ஒரு வரி போதும்.” பக்கம் பக்கமாகப் புரட்டினார். திடீரென்று நிறுத்தினார். “ஏழாம் பக்கத்துக்கு அடுத்தாப்ல பத்து வருதே?”

அம்புரோஸ் ஜன்னலுக்கு வெளியே தெரிந்த தோணிகளைப் பார்க்க ஆரம்பித்தார்.

சுந்தரராஜ் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். இரண்டு தாள் ஒன்றாக ஒட்டியிருந்தது. ஓரத்தில் காய்ந்த சோற்றுப் பருக்கை.

“இது யாரு ஒட்டுனது?”

“தானா ஒட்டியிருக்கும் சார்.”

“சோறு தானா ஒட்டுமோ?” என்றான் ஜேசுதாசன். “என்ன மச்சான் அதுக்குள்ள? வடக்க ஏதும் கல்யாணம் கில்யாணம்?”

“ஏலே, வாய மூடு!”

டீக்கடைக்குப் போய், கொதிக்கிற கெட்டிலின் மூக்குக்கு நேரே புத்தகத்தைப் பிடித்தார்கள். அம்புரோஸ் தடுக்கவும் இல்லை, உதவவும் இல்லை. ஆவியில் தாள் நெகிழ்ந்து பிரிந்தது. நடத்தைப் பக்கம். சுந்தரராஜ் முதலில் மனசுக்குள் வாசித்தார். பிறகு கடை முழுவதும் கேட்கத் தமிழில் சொன்னார்: 1944 மே 9. லாரியைக் கவனக்குறைவாகப் பின்னால் எடுத்து, கம்பெனித் தலைவரின் குளியல் தொட்டிமேல் ஏற்றிய குற்றம். பதினாலு நாள் காவல்.

“தொட்டிக்குள்ள தொர இருந்தாரா?” என்று கேட்டார் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர்.

“சோப்பு எடுக்க எந்திரிச்சுப் போயிருந்தாரு” என்றார் அம்புரோஸ் மெல்ல.

ஜேசுதாசன் சிரித்த சிரிப்பில் பெஞ்சு ஆடியது. “நாலு வருசத்துல நீரு தண்ணி பக்கம் போனது அந்த ஒரு தடவதான் போல மச்சான்!”

“இத உங்க அக்காகிட்ட சொன்ன, பாத்துக்கோ. செயில்ல இருந்தவன்னு மாமனாருக்குத் தெரிஞ்சா...”

“அண்ணாச்சி, பேசாம இரும்” என்றார் சுந்தரராஜ். அவர் சிரிக்கவில்லை, முகம் மலர்ந்திருந்தது. “லாரி ஓட்டாத ஒரு டைவர எப்பிடி லாரி ஓட்டுன குத்தத்துக்குத் தண்டிப்பாங்க? ஒண்ணு, தொழில் தப்பு. இல்லன்னா தண்டன தப்பு. தண்டன தப்புன்னா பதினாலு நாளுக்கு அவங்கதான் பதில் சொல்லணும். சொல்லுவாங்களா?”

அம்புரோஸுக்கு அது பாதி புரிந்தது. மறைத்து வைத்த கறை எப்படி நற்சாட்சியாக மாறும் என்று கேட்டார். சுந்தரராஜ் விளக்கினார். விளக்கியதில் புரிந்த பாதியும் குழம்பிப்போனது. தலையை ஆட்டி வைத்தார்.

மனு அன்றே ரிஜிஸ்தர் தபாலில் போனது, தண்டனைப் பக்கத்தின் நகலோடு. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போது இஞ்ஞாசியம்மாள் வாசலில் நின்றாள். பிப்ரவரி முடிந்தது. ஜேசுதாசன், கேட்பாரில்லாமலே, பழைய கயிற்றை எடுத்து முடிச்சுகளைச் சோதித்துப் பார்த்தான். அதைப் பார்த்த அக்காள் அவனோடு இரண்டு நாள் பேசவில்லை.

மார்ச் 1, சனிக்கிழமை பகலில் பதில் வந்தது. அம்புரோஸ் உறையைப் பிரிக்காமலேயே சுந்தரராஜிடம் ஓடினார். பட்டாளத்துத் தொழில்: டிரைவர். சங்கு அலுவலகத்துக்கும் தகவல் தரப்பட்டிருக்கிறது. அதற்குக் கீழே இன்னொரு வரியும் இருந்தது. அதை வாசித்துவிட்டுச் சுந்தரராஜ் கண்ணாடியைக் கழற்றினார்.

“பட்டாளத்துக்கு முந்துன தொழிலையும் சேத்துத் திருத்திட்டாங்க, அண்ணாச்சி. அங்க டைவர்னு இருந்துச்சுல்லா? இப்ப ‘முத்து டிரைவர்’.”

“அப்பிடின்னா என்ன சார்?”

“தெரியல. திருத்தச் சொல்லி எழுதவா?”

அம்புரோஸ் அந்தக் காகிதத்தைச் சுந்தரராஜின் கையிலிருந்து மெதுவாக வாங்கி, நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

“வேண்டாம் சார். அப்பிடியே இருக்கட்டும்.”

மார்ச் 3, திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குத் துறைமுகத்து லாரிக் கொட்டகையில் அம்புரோஸ் பெயர் பதிந்தார். முதல் நாள் வேலை, லாரியைப் பின்னால் எடுத்துக் காட்டுவது.