அப்பா வீட்டுக்கு வரும் பக்கம்

நான் பாடம் நடத்தும் நான்காம் வகுப்புக்கு ஒரு பெட்டி நிறையப் புத்தகங்கள் வந்தன. ஒவ்வொன்றும் ஒரு நாடு, ஒரு குழந்தை, அந்தக் குழந்தையின் ஒரே ஒரு நாள். எல்லாம் புகைப்படம், அடியில் ஒரு வரி. எழுந்திருக்கிறாள். பல் தேய்க்கிறாள். பனியில் நடக்கிறாள். பள்ளியில் கை தூக்குகிறாள். சாயங்காலம் அப்பா வருகிறார். தூங்குகிறாள். தேசம் மாறும், முகம் மாறும், தட்டில் இருப்பது மாறும். அப்பா வருவது மட்டும் மாறாது. கடைசிக்கு முந்தின பக்கத்தில் எந்த ஊர் அப்பாவும் கதவைத் திறந்துவிடுவார்.

எங்கள் பள்ளி இருக்கும் மீனவ ஊரான பட்டினச்சேரிப் பிள்ளைகளிடம் எந்தத் தேசமும் தப்பவில்லை.

"இந்தப் புள்ள பொரியில பால ஊத்தித் திங்குது டீச்சர். வீட்டுல அடுப்பு இல்லையா, பாவம்?"

"இங்க பாருடி, மீனுக்குத் தலையே இல்ல. யாரு தின்னா?"

"படம் எடுத்தவன்தான்."

நமக்கும் இப்படி ஒன்று செய்வோம் என்றேன். எனக்கு ஓரிடத்தில் நிற்காத புத்தி. என் ஊர் கோவில்பத்திலிருந்து வண்டியில் வரும்போதே பக்கங்கள் மனசில் புரளத் தொடங்கிவிட்டன. யாருடைய நாள் என்பதையும் நானே முடிவு செய்தேன். மூன்றாவது பெஞ்சில் சுலபமாகச் சிரிக்கும் ஒருத்தி. எட்டு மாதம் முன்னால் அவள் அப்பா போன படகு கவிழ்ந்தது. இரண்டு பேர் நீந்தி வந்தார்கள். ஒருவர் உடல் ஒதுங்கியது. அவள் அப்பா மட்டும் எதுவாகவும் வரவில்லை. பள்ளிக்கூடம் முழுக்கத் தெரியும், எனக்கும் தெரியும். அவளைத் தேர்ந்ததில் இரக்கம் இருந்தது. இரக்கத்துக்குள்ளே கொஞ்சம் அழகுணர்ச்சியும் இருந்தது. மன்னிக்க முடியாதது அதுதான்.

பக்கங்கள் சேர்ந்தன. வாசலில் பல் தேய்க்கிறாள். பழைய சோற்றில் கருவாடு. வலை மேல் உட்கார்ந்து வாய்ப்பாடு. நாள் முடியும் இடத்தில் அவள் பிடிவாதமாக நின்றாள்.

"அப்பா வர்ற பக்கம் வேணும் டீச்சர். எல்லாப் புத்தகத்துலயும் இருக்குல்ல?"

அவள் அம்மாவைப் பார்க்கப் போனேன். கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுத்தில் தாலி, நெற்றியில் எட்டணா அளவு பொட்டு. தெருவே பார்க்கட்டும் என்று வைத்துக்கொண்ட பொட்டு. விஷயத்தைச் சொன்னதும் பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்தாள். பிறகு ஈரக்கையைத் துடைத்துவிட்டு போனைத் திறந்தாள். படகு முனையில் ஒரு மனிதர், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரித்தபடி.

"எல்லாரையும் அவருதான் எடுப்பாரு. இந்தப் போன்ல அவர எடுத்தது இது ஒண்ணுதான். பள்ளிக்கூடத்துக்குத்தானே டீச்சர்? வேற யாருக்கும் போவாதே?"

"போவாதும்மா" என்றேன்.

டவுன் ஸ்டுடியோவில் பெரிதாக்கக் கொடுத்தேன். வாங்கப் போனபோது படகு இல்லை, கடல் இல்லை. முகத்துக்குப் பின்னால் மொழுமொழுவென்று நீலம். ஸ்டுடியோக்காரர் கேட்டார்: "மறைவு தேதி போடணுங்களா மேடம்?"

"இது ஸ்கூல் ப்ராஜெக்ட்டுங்க."

"ஓ. ஒத்த ஆளு படம்னா அதுக்குத்தானே மேடம் வருவாங்க. பழக்கத்துல பின்னணிய மாத்திட்டேன்."

அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மறுநாள் பள்ளியில் கண்காட்சி. என் போனிலும் ஒரு பிரதி வாங்கிக்கொண்டு ஓடி வந்தேன்.

கண்காட்சிக்குப் பெற்றோர் வந்தார்கள். அந்தப் பக்கத்தின் முன்னால் ஒருவர் அசையாமல் நின்றார். காணாமல் போனவரின் அண்ணன். கண் கலங்கியிருந்தது.

"தம்பி மொகத்தப் பாத்து எட்டு மாசம் ஆச்சு டீச்சர். எங்கிட்ட ஒரு படம் இல்ல. போன்ல அனுப்ப முடியுங்களா?"

அண்ணன் கேட்கிறார். யாருக்கும் போகாது என்று சொன்ன வாய் சும்மா இருந்தது, விரல் அனுப்பிவிட்டது. மூன்று விநாடி இருக்குமா?

அந்த வாரக் கடைசியில் வண்டியில் வந்தபோது ஊர் முனையில் புது ஃப்ளெக்ஸ். கண்ணீர் அஞ்சலி. நீலப் பின்னணியில் கண்ணைச் சுருக்கிச் சிரிக்கும் முகம்.

சத்துணவு சமைக்கும் அம்மாதான் எனக்குச் சொன்னார். "ஒங்க பக்கம் தெரியாது டீச்சர். இங்க ஒடம்பு கெடைக்கலன்னா படந்தான் ஒடம்பு. படம் இல்லாம எப்புடிக் காரியம் பண்றது? அந்தப் பொண்ணு கல்யாண ஆல்பத்தக்கூட தாய்வீட்டுக்கு அனுப்பிட்டு, போனைப் பூட்டி வச்சுக்கிட்டு எட்டு மாசம் எல்லாரையும் தடுத்துச்சு. நீங்க குடுத்துட்டீங்க."

நாங்கள் வயல்காரக் குடும்பம். எங்கள் பக்கம் சாவு என்றால் நடுவீட்டில் ஒரு உடல் கிடக்கும். உடலே இல்லாமல் ஒரு மனிதர் எத்தனை மாதம் உயிரோடு இருக்க முடியும் என்று நான் யோசித்ததே இல்லை.

கரைக்குப் போனேன். பிளாஸ்டிக் நாற்காலியில் படத்தை உட்காரவைத்து, நெற்றியில் எண்ணெய் தொட்டு, குளிப்பாட்டுவதாகத் தண்ணீர் தெளித்தார்கள். அண்ணன் குலுங்கிக் குலுங்கி அழுதார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. தம்பிக்கு வாய்க்கரிசி போடாத அண்ணனாக எட்டு மாதம் இருந்திருக்கிறார். பெண்கள் வட்டமாக நெருக்கி நின்றார்கள். உள்ளேயிருந்து ஒரே ஒரு குரல், "வருவாரு, விடுங்க, வருவாரு" என்று கேட்டது. வளையல் உடையும் சத்தம் கேட்டது. அப்புறம் அந்தக் குரல் கேட்கவில்லை.

மகள் என்னைக் கண்டு ஓடிவந்தாள். "நம்ம பக்கம் டீச்சர்" என்றாள், நாற்காலியைக் காட்டி.

பத்து நாள் கழித்து, இடைவேளையில், அவள் அம்மா மீன்கூடையோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். வெறும் நெற்றி. நான் எழுந்தேன்.

"போவாதுன்னீங்க" என்றாள். திட்டவில்லை. அவ்வளவுதான் சொன்னாள். பிறகு, "ஒங்க போன்ல இருக்குறத அழிச்சுடுங்க. மூத்தாரு போன்ல நானே அழிச்சுட்டேன். போஸ்டரக் கிழிச்சாச்சு. ஸ்டுடியோவுக்கும் போய்ட்டுத்தான் வாரேன். எங்கிட்ட மட்டும் இருக்கட்டும்."

அவள் கண்ணெதிரே அழித்தேன்.

"அழிச்சாலும் குப்பத்தொட்டியில கொஞ்ச நாள் கெடக்குமாம்ல?"

அதையும் திறந்தேன். மங்கலாக, சின்னதாக, அங்கே சிரித்துக்கொண்டிருந்தார். நிரந்தரமாக நீக்கவா என்று போன் கேட்டது. என் விரல் நகரவில்லை. அவள் கை நீட்டி அழுத்தினாள். மீன்கூடை பிடித்த ஈரம், போன் ஏற்கவில்லை. விரலை முந்தானையில் அழுத்தித் துடைத்துவிட்டு, மறுபடி அழுத்தினாள்.