அணைக்கட்டு வெனெத்தாவின் பயம்

ரொடோப்பி மலை அணையில், மதகுகளைத் திறக்கும் அறையில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்தவள் வெனெத்தா. எலி என்றால் பயம், லிப்ட் என்றால் பயம், புருஷன் கார் ஓட்டினால் கண்ணை மூடிச் சிலுவை போடுவாள். இப்படிப்பட்ட பயந்தாங்கொள்ளியின் மூளையை நகலெடுக்கத்தான் தலைநகர் சோபியாவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மனுஷி யோசிக்கிற மாதிரியே யோசித்து, தானாக மதகைத் திறக்கிற கம்ப்யூட்டர் செய்கிறார்களாம். மூன்று மாதம் பக்கத்திலேயே உட்கார்ந்து, "மனசுல ஓடுறதை வாய்விட்டுச் சொல்லுங்க" என்று எல்லாவற்றையும் பதிவு செய்தார்கள்.

ஆகஸ்டில் ஒரு காலை அந்தக் கம்ப்யூட்டர் முதன்முதலாகத் தனியே ஓடியது. வெனெத்தா சும்மா பார்த்தால் போதும். மேலே மழை; தண்ணீர் ஏறியது. பத்து நிமிடத்தில் மதகு திறக்கும் என்றது திரை.

"அது போன் பண்ணலியே," என்றாள்.

"யாருக்கு?" என்றான் எஞ்சினியர் லூபென்.

"ஆத்தங்கரைக் கீழூர் கடைக்காரி ஸ்லாத்தினாவுக்கு. திறக்குறதுக்கு முன்னாடி கூப்பிடுவேன்ல."

"அதுவா? குடமிளகாய் சுட்டது, மருமக வாய்த்துடுக்கு... வெட்டிப்பேச்சுன்னு பதிவுலேர்ந்து எடுத்துட்டோம். நீங்கதானே அக்கா எடுக்கச் சொன்னீங்க."

சொன்னாள்தான். வேலை நேரத்தில் வம்பளந்தது பதிவாகிவிட்டதே என்ற வெட்கம்.

ஆனால் அந்த வம்புக்கு நடுவில்தான், 'இன்னிக்கு விரிப்பு துவைக்கிறோம்' என்று வரும். ஊர்ப் பெண்கள் கம்பளி விரிப்புகளை ஆற்றுக்குள் போட்டுக் கட்டையால் அடிக்கிற சத்தத்தில், மதகு திறக்குமுன் ஊதுகிற சைரன் கேட்காது. அன்றைக்கு வெனெத்தா ஒரு மணி நேரம் பொறுத்துத்தான் திறப்பாள். அதுவும் வேலைதான் என்று இந்த நிமிடம்வரை அவளுக்கே தெரியாது.

போன் அடித்தாள். மணி போனது, யாரும் எடுக்கவில்லை. மறுபடியும். மறுபடியும். திரையில் இரண்டு நிமிடம்.

"நிறுத்திடாதீங்கக்கா, தலைமை ஆபீசுக்குப் போயிடும். வேலை போனாலும் போயிடும்."

மேலே ஒட்டியிருந்த முத்திரையைக் கிழித்து, திறப்பை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். காரணம் கேட்டது கம்ப்யூட்டர். ஒன்பது காரணங்கள் கொடுத்திருந்தது, எதுவுமே பொருந்தவில்லை. தானே தட்டினாள்: ஸ்லாத்தினா போனை எடுக்கவில்லை.

நாற்பது நிமிடம் கழித்து மணி அடித்தது.

"என்னடி, ஏழு தடவை கூப்பிட்டிருக்க? யாராச்சும் போய்ட்டாங்களா? நாங்க பதினோரு பேரு ஆத்துக்குள்ள விரிப்பு அலசிட்டிருந்தோம்."

"இல்ல," என்றாள் வெனெத்தா.

லூபென் முகம் சுண்ணாம்பாகியிருந்தது. "அக்கா, இது மாதிரி வேற என்னென்ன பண்றீங்க?"

யோசித்துப் பார்த்தாள்.

"தெரியலையே, தம்பி."

திரையில் கம்ப்யூட்டர் அடுத்த திறப்புக்கு நேரம் குறித்துக்கொண்டிருந்தது.