கேட்காமல் எடுத்த விரதம்

ஈஸ்டர் முடிந்த மறு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்த என் கணவர், துண்டில் கையைத் துடைத்தபடியே சொன்னார்:

"இனிமே நான் முன்ரூம்லயே படுத்துக்கிடுதேன். தவக்காலத்துக்கு மட்டுமில்ல. எப்பவும்."

மகள் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள். நான் மீன்குழம்புச் சட்டியை மூடிக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது புரியவில்லை என்று சொல்லமாட்டேன். புரிந்தது. அதனால்தான் சட்டியை மூடி, திறந்து, திரும்பவும் மூடினேன்.

அவர் சங்கரன்கோவிலுக்கும் சிவகிரிக்கும் நடுவே ஓடுகிற ஒரு பிரைவேட் பஸ்ஸில் டிரைவர். நான் வீட்டின் முன்பக்கத்தில் தையல் மிஷின் போட்டு பிளவுஸும் சுடிதாரும் தைக்கிறேன். அந்த வருடம் சாம்பல் புதனுக்கு முன்னால் எங்கள் பங்குக் கோயிலிலிருந்து சிலர் வெளியூரில் நடந்த தியானக் கூட்டத்துக்குப் போனார்கள். அவரும் போனார். திரும்பி வரும்போது பையில் ஒரு புத்தகம் இருந்தது. ஏசுவுக்குச் சில நூறு வருடங்கள் கழித்து, ஊரையும் உறவையும் விட்டு எகிப்துப் பாலைவனத்தில் போய் இருந்த துறவிகளைப் பற்றியது. வந்த அன்றே முன்ரூமில் பாயை விரித்துவிட்டார். கறி மீன் நின்றது. பெரிய வியாழன் வரைக்கும் ஒருசந்தி, அதாவது நாளுக்கு ஒரே வேளைச் சாப்பாடு. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தில் யார்தான் எதையாவது விடுவதில்லை? நான் டீயை விட்டிருந்தேன். அவர் என்னை விட்டிருக்கிறார் என்று எனக்குள்ளேயே வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டேன். ஈஸ்டர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று இருந்தேன்.

"ஏன்?" என்று கேட்டேன்.

"மனசு லேசா இருக்கு. இத்தன வருசத்துல இப்பிடி இருந்ததே இல்ல."

குடிக்கிறவராக இருந்தால் சண்டை போடலாம். இன்னொருத்தி இருந்தால் அவள் வாசலில் போய் நிற்கலாம். ஜெபம் பண்ணுகிற மனிதரிடம் எதைச் சொல்லிச் சண்டை பிடிப்பது? பங்குச் சாமியாரிடம் போய் முறையிடலாமா என்று நினைத்துப் பாதிவழி போனேன். என்ன வார்த்தையில் ஆரம்பிப்பது என்று தெரியாமல் திரும்பி வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஒரு தையல் ஓட்டுவேன். பார்த்தால் பிளவுஸின் கையை இடம் வலம் மாற்றி வைத்துத் தைத்திருப்பேன். பிரித்துப் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போவேன். அடுக்களையில் போய் நின்று எதற்கு வந்தேன் என்று யோசிப்பேன். வேண்டாத காய்கறிக்காக மார்க்கெட்டுக்கு நடப்பேன். பகல் முழுக்கப் பெண்களின் தோளையும் கையையும் இடுப்பையும் அளந்துகொண்டே இருக்கிற எனக்கு, என்னைத் தொட ஒரு கை இல்லை. உடம்பு என்று நான் சொல்வது பெரிய ஆசை எதையும் அல்ல. முன்பெல்லாம் டூட்டி முடிந்து வந்ததும் சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டிக்கொண்டு, "இங்கன கொஞ்சம் சொறி" என்பார். இப்போது டம்ளரைக்கூட என் கையிலிருந்து வாங்காமல் மேஜையில் வைக்கச் சொன்னார்.

இல்லை, பெரிய ஆசையும்தான் இருந்தது. எழுதக் கூசுகிறது. ஆனால் இருந்தது.

கடையநல்லூரிலிருந்து வந்து எங்கள் தெருவில் குடியிருந்த ஒரு பெண் என்னிடம்தான் துணி கொடுப்பாள். அவள் கணவர் சவூதியில் இருந்தார். ஒரு நாள் அளவெடுக்கும்போது சொன்னாள்: "ஒங்களுக்கென்னக்கா, டூட்டி முடிஞ்சா ஆளு வீட்டுக்கு வந்துருதாக. எங்க அவுஹ மூஞ்சிய வீடியோ கால்லதான் பாக்கேன். போன வச்ச பெறகு வீடு அப்படியே கெடக்கும்."

நான் தலையாட்டினேன். அவளாவது தன் ஆள் தூரத்தில் இருக்கிறார் என்று ஊருக்கே சொல்லலாம். என் ஆள் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தார்.

வைகாசியில் ஒரு நாள், அவர் டூட்டிக்குப் போன பிறகு, அந்தப் புத்தகத்தை எடுத்தேன். கோபத்தோடுதான் படிக்க ஆரம்பித்தேன். உடம்பை எதிரி என்று திட்டியிருப்பார்கள், பெண்ணைப் பேய் என்று எழுதியிருப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அதுவும் கொஞ்சம் இருந்தது. ஆனால் அவர்கள் வெளிப்படையான ஆட்கள். காய்ந்த ரொட்டியைத் தின்று, உட்கார்ந்தபடியே தூங்கி, எவ்வளவோ செய்தும் இச்சை போகவில்லை என்று ஒருவருக்கொருவர் ஒளிக்காமல் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வயதான பிறகும் விடவில்லை என்கிறார்கள். குளிக்கும்போதுகூடத் தன் உடம்பைத் தானே பார்க்கக் கூசியவர்கள் இருந்திருக்கிறார்கள். என் கணவர் குளியலறையில் லைட்டைப் போடாமல் குளிக்கத் தொடங்கியது ஏன் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஒரு பக்கத்தை எழுந்து நின்று படித்தேன். உறவினர் வற்புறுத்தலால் கல்யாணம் செய்துகொண்ட ஒருவர், கல்யாணத்தன்றே அந்தப் பெண்ணை உட்காரவைத்துப் பேசுகிறார். அவள் சம்மதிக்கிறாள். பல வருடம் ஒரே வீட்டில் தனித்தனியாக ஜெபம் செய்து வாழ்கிறார்கள். கடைசியில், இனிப் பிரிந்து இருப்போம் என்று சொல்வதே அவள்தான். அதன் பிறகே அவர் பாலைவனத்துக்குப் போகிறார்.

அதைப் பற்றி அவரிடம் பேச எத்தனையோ தடவை வாய் வரைக்கும் வந்தது. மகள் இருப்பாள், அல்லது அவர் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். இப்படியே ஆடி வந்துவிட்டது.

கோயிலில் தபசுத் திருவிழா நடக்கிற சமயம் எங்கள் சங்கரன்கோவிலுக்குள் கால் வைக்க இடமிருக்காது. பஸ்ஸுக்கெல்லாம் கூடுதல் டிரிப். அவர் மறுபடியும் ஒருசந்தி பிடித்திருந்தார்; எதற்கென்று நான் கேட்கவில்லை. மத்தியானம் கண்டக்டர் போன் பண்ணினார்.

"மதினி, பயப்படாதிய. அண்ணனுக்குத் தலை சுத்திட்டு. வண்டிய ஓரமா நிப்பாட்டிட்டுத்தான் சாஞ்சாரு. யாருக்கும் ஒண்ணுமில்ல. சிவகிரில ஆஸ்பத்திரில சேத்திருக்கேன், வாங்க."

ஆட்டோ பிடித்துப் போனேன். எதிரே வந்த பஸ் ஒவ்வொன்றிலும் தபசுக்கு வருகிற ஜனம் படிவரைக்கும் தொங்கியது. அவருடைய வண்டியிலும் அப்படித்தானே இருந்திருக்கும் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. சட்டையைத் திறந்து போட்டிருந்தார்கள். விலா எலும்புகள் தெரிந்தன. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அவர் உடம்பைப் பார்த்தேன்.

அன்று ராத்திரியே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலை, மகள் பள்ளிக்கூடம் போன பிறகு, வெந்நீரும் துண்டும் கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நானே தொடச்சுக்கிடுதேன்," என்று துண்டை வாங்கினார்.

"கைய எடுங்க."

எடுத்தார். கழுத்தையும் முதுகையும் துடைத்தேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"அந்தப் புஸ்தகத்த நானும் படிச்சேன்," என்றேன். கண் திறந்தது. "கல்யாணம் முடிச்ச ஒருத்தர் கதை வருதுல்லா. அவரு அந்தப் பொண்ணுகிட்ட கேட்டாரு. அவ சரின்னு சொன்னா. நீங்க என்கிட்ட கேக்கவே இல்லயே. கையத் தொடச்சிக்கிட்டே சொல்லிட்டுப் போயிட்டிய."

அவர் சுவரைப் பார்த்தபடி சொன்னார்:

"ஏட்டி, கூட்டம் நெருக்குனா பொம்பளையாளுக எஞ்சின் பக்கத்துல வந்து நிப்பாக. கண்ணாடியில நான் பின்னால வார வண்டியப் பாக்கேனா, அவுகளப் பாக்கேனான்னு எனக்கே தெரியாது. ஸ்டாண்டுல பயலுவ போன்ல காட்டுத கண்ட படத்தையும் பாத்துட்டு வந்து ஒம்பக்கத்துல படுப்பேன். ஒன்னத் தொட்டா, ஒன்னத்தான் தொடுதேனான்னு சந்தேகமா இருக்கும். அந்தப் பாலைவனத்து ஆளுகளும் என்னையப் போல அலைஞ்சவுகதான்னு படிச்சப்ப அழுகை வந்துட்டு."

"என்னையத்தான் அசிங்கம்னு நெனச்சிட்டியளோன்னு இருந்தேன்."

"நீ இல்ல. நான்தான்."

எனக்கு இரக்கமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. "நீங்க சுத்தமாகுததுக்கு நான் பட்டினி கெடக்கணுமா? எனக்கும் உடம்பு இருக்குல்லா," என்றேன். சொன்ன பிறகு முகமெல்லாம் எரிந்தது. இத்தனை வருடத்தில் அப்படி ஒரு வார்த்தையை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அவர் எழுந்து சாய்ந்து உட்கார்ந்தார். "அப்ப இப்பக் கேக்கேன். இப்பிடியே இருந்துக்கிடலாமா? எப்பவும்?"

ஒப்புக்குக் கேட்கவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அந்த லேசான மனசு அவருக்கு உண்மையிலேயே வேண்டியிருந்தது. அதனால் நானும் யோசித்தேன்.

"வேண்டாம்," என்றேன். "வெள்ளிக்கிழம வேணும்னா இருங்க. தவக்காலம்னா என்கிட்ட கேட்டுட்டு இருங்க. டூட்டிக்குப் போற அன்னைக்குச் சாப்பிடாம வண்டியத் தொடக்கூடாது. மத்த நாளு எனக்குப் புருசன் வேணும்."

"சரி," என்றார்.

அந்தச் சரிக்குப் பிறகு எல்லாம் சட்டென்று மாறிவிடவில்லை. பாய் பிறகும் கொஞ்ச நாள் முன்ரூமிலேயே கிடந்தது. ஸ்டாண்டில் மற்ற டிரைவர்களோடு உட்காருவதை விட்டுவிட்டு, வண்டிக்குள்ளேயே கண்ணை மூடிச் சாய்ந்திருக்கிறார் என்று கண்டக்டர் சொன்னார். ஒரு நாள் டம்ளரை என் கையிலிருந்து வாங்கினார். ஆவணி மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அறைக்குள் வந்தார். அத்தனை சண்டை போட்ட நான் கட்டை மாதிரி விறைத்துப் போய்க் கிடந்தேன்.

"பயமா இருக்கா?" என்று கேட்டார்.

"பழக்கம் விட்டுப்போச்சு."

அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. அன்று சிரித்ததோடு சரி; மற்றதெல்லாம் மெல்ல மெல்லத்தான் வந்தது.

அடுத்த தவக்காலத்துக்கு முன்னால் அடுக்களைக்கு வந்து, நான் மாவு கரைத்து முடிக்கும்வரை நின்று, "ஈஸ்டர் வரைக்கும் இருந்துக்கிடட்டுமா?" என்று கேட்டார். சாயந்தரம் சொல்லுதேன் என்றேன். சாயந்தரம் சரி என்றேன். பாதியில் அந்தச் சரியைத் திரும்ப வாங்கிவிடலாமா என்று எனக்குத் தோன்றாத நாளே இல்லை. ஒரு நாள் அதை அவரிடமே சொன்னேன்.

"விட்டுருவமா?" என்றார்.

"வேண்டாம், இருந்துக்கிடுங்க, பாப்போம்," என்று சொல்லிவிட்டு மிஷினில் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் எழுந்துவிட்டேன். தெருவில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வந்தேன்.