நான்கு மெமரிப் பட்டைகள்

தொண்ணூறுகளின் கடைசியில் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் கீபோர்டு வாசிப்பேன். கல்யாண சீசனில் நண்பர்களோடு வாணியம்பாடி, குடியாத்தம், ஆற்காடு என்று மேடைக் கச்சேரிகளுக்கும் போவேன்.

அந்த வருடம் சென்னையில் ஒருவரிடமிருந்து பழைய சாம்ப்ளர் ஒன்றை வாங்கினேன். அதுவும் ஒருவகைக் கீபோர்டுதான். நிஜ வயலின், நிஜ ஷெனாய் ஒலிகளை ஃபிளாப்பியிலிருந்து ஏற்றிக்கொண்டு, கட்டையை அழுத்தினால் அந்த ஒலியிலேயே பேசும். ஆனால் அதன் மெமரி மிகச் சிறியது. வயலினை ஏற்றினால் தபேலாவுக்கு இடமிருக்காது. பாட்டுக்குப் பாட்டு ஃபிளாப்பியை மாற்றிவிட்டு, அது கரகரவென்று ஏறி முடியும்வரை பாடகர் கூட்டத்திடம் எதையாவது பேசிச் சமாளிப்பார்.

மெமரியைக் கூட்ட வழி இருந்தது. பின்பக்க மூடியைக் கழற்றினால் நான்கு இடங்கள் காலியாக இருந்தன. பழைய கம்ப்யூட்டர்களில் போடும் குட்டையான மெமரிப் பட்டைகள்தான் அதற்கு வேண்டும். அதற்குள் கம்ப்யூட்டர்கள் மாறிப்போயிருந்தன. வேலூரில் நான் கேட்ட இரண்டு கடைகளிலும், "அதெல்லாம் இப்ப வர்றதில்ல சார்" என்றார்கள்.

எங்கள் கம்பெனியின் சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் அறையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. சர்வீசுக்கு வந்தவர் ஒருநாள் அதைத் திறந்து தூசி தட்டியபோது எட்டிப் பார்த்தேன். எட்டுப் பட்டைகள், இரண்டு வரிசை. நான்கை எடுத்தாலும் இது ஓடும் என்று அந்த நிமிடமே மனதில் கணக்குப் போட்டேன்.

அதில் பேக்கிங் லிஸ்ட் அடித்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். அவளுடைய அப்பா அதே முதலாளியின் தோல் பதனிடும் ஷாப்பில், சுண்ணாம்புத் தொட்டியில் பல வருடம் நின்றவர். மேனேஜரை நேரில் பார்த்துக் கெஞ்சி மகளுக்கு இந்த வேலையை வாங்கியிருந்தார். அந்த அறையின் சாவியும் பீரோ சாவியும் அவளிடம் இருந்தன.

ஒரு சனிக்கிழமை அன்றைய லிஸ்டை முடித்துக் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு அவள் சாப்பிடப் போன நேரத்தில் ஸ்க்ரூடிரைவரோடு உள்ளே போனேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. திருடுகிறோம் என்றே தோன்றவில்லை. இங்கே சும்மா கிடக்கிறது, அங்கே உதவும். அவ்வளவுதான் நினைத்தேன்.

வீட்டில் சாம்ப்ளரைத் திறந்து பட்டைகளைச் செருகினேன். அச்சாகப் பொருந்தின. ஸ்விட்சைப் போட்டால் திரையில் பழைய அளவே வந்தது. இடம் மாற்றிப் போட்டேன். ஒருமுறை மெஷின் கிளம்பவே இல்லை. மறுநாள் எஸ்டிடி பூத்திலிருந்து சென்னையில் கீபோர்டு பழுது பார்க்கும் மெக்கானிக் ஒருவருக்குப் போன் செய்தேன்.

"ஒரு பட்டைல எத்தன சிப்பு இருக்குது சார்?"

"மூணு."

"அத அந்த மெஷின் எடுக்காது. ஒம்போது சிப்பு இருக்கற பட்டைதான் வேணும். சைஸ் ஒண்ணுதான், பல்லும் ஒண்ணுதான், ஆனா ஒத்துக்காது."

திங்கட்கிழமை சத்தமில்லாமல் திரும்ப மாட்டிவிடலாம் என்றிருந்தேன். ஆனால் அன்று காலையிலேயே அந்தக் கம்ப்யூட்டர் பாதி மெமரியைக் காட்டிவிட்டு நின்றுவிட்டது. கண்டெய்னர் கிளம்ப வேண்டிய நாள். சர்வீஸ்காரரை வரவழைத்தார்கள். "நாலு பட்டை இல்ல சார், யாரோ கழட்டியிருக்காங்க" என்று அவர் மேனேஜரிடம் சொன்னது என் மேஜைவரை கேட்டது. என் காலடியில் இருந்த பையில், கைக்குட்டையில் சுற்றி அந்த நான்கும் இருந்தன.

அப்போதே எழுந்து சொல்லியிருக்கலாம். வேலை போய்விடும், சர்ச்சில் தலைகாட்ட முடியாது என்று உட்கார்ந்திருந்தேன். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், அவள் மேஜை டிராயரில் வைத்துவிட்டுப் போன சாவியை எடுத்து பீரோவைத் திறந்து, ஃபைல்களுக்குப் பின்னால் பட்டைகளை வைத்துவிட்டு வந்தேன். கண்டெடுத்தால், யாரோ துடைக்கக் கழற்றி மறந்துவிட்டார்கள் என்று விஷயம் முடிந்துபோகும் என்று நம்பினேன்.

புதன்கிழமை மேனேஜர் பீரோவைத் திறந்து பார்த்தபோது நான்கும் கிடைத்தன. அவளைக் கூப்பிட்டார்.

"சாவி உங்கிட்டதான இருக்குது?"

"ஆமா சார். ஆனா நான் வெக்கல சார். அது இன்னான்னே எனக்குத் தெரியாது சார்."

"மாட்டிக்குவோம்னு பயந்து திரும்பக் கொண்டாந்து வெச்சிருக்க."

அவளுடைய அப்பாவுக்கு ஆள் அனுப்பினார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். மகளிடம் எதையும் கேட்கவில்லை. மேனேஜரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"மன்னிச்சிடுங்க சார்."

"அப்பா, நான் எடுக்கலப்பா."

"வாய மூடு."

வேலையைவிட்டு நிறுத்தப்பட்டு அவள் அப்பாவோடு வெளியே போனபோது, கேட் பக்கம் நான் நின்றிருந்தேன். அவள் என்னைப் பார்த்து, "அண்ணா, நீங்களாச்சும் நம்பறீங்களா?" என்றாள்.

"நம்பறம்மா" என்றேன்.

ஆறு மாதம் கழித்து, சென்னையில் பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் ஒன்பது சிப் பட்டைகள் கிடைத்தன. சாம்ப்ளர் உடனே ஏற்றுக்கொண்டது. வயலினும் தபேலாவும் ஒன்றாக ஏறின. பல வருடம் அதில் வாசித்தேன். கேட்டவர்கள் பாராட்டினார்கள். பாராட்டும்போது அவள் ஞாபகம் வரும் என்று சொல்ல ஆசைதான். பெரும்பாலும் வரவில்லை.

ஏழெட்டு வருடங்களுக்குப் பிறகு, வேலூரிலிருந்து ஆம்பூர் வரும் பஸ்ஸில் அவளைப் பார்த்தேன். மடியில் குழந்தை. அவள்தான் முதலில் பேசினாள். "நல்லா இருக்கீங்களா அண்ணா?" பெரிய கம்பெனிகள் எதிலும் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லையாம். ஒரு சின்ன யூனிட்டில் ஷூவின் அடிச் சோலுக்குப் பசை தடவுகிறாள். பேச்சுக்கு நடுவே இருமிக்கொண்டே இருந்தாள். அப்பா செத்து இரண்டு வருடம் ஆகிறது என்றாள்.

பள்ளிகொண்டா தாண்டியதும் சொல்லிவிட்டேன். ஏன் அன்றைக்கு வாய் வந்தது என்று இன்றும் தெரியாது. அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"எங்கம்மாகிட்ட வந்து சொல்லுங்க" என்றாள்.

அவளோடு இறங்கி நடந்தேன். ஒற்றை அறை வீடு. வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து அவளுடைய அம்மா, கம்பெனியிலிருந்து கொடுத்தனுப்பும் ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சாம்ப்ளர், பட்டை என்பதெல்லாம் அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. எடுத்தது நான், பீரோவில் வைத்ததும் நான் என்பது புரிந்தது. ஊசி நின்றது.

"அவரு சாகற வரைக்கும் இவ கையால ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிக்கலப்பா" என்றார். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். ஆனால் அவர் மகளைத்தான் பார்த்தார். "நானும் நம்பலியேடி" என்றார்.

அவள் குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள்.

"நீங்க கெளம்புங்கண்ணா" என்று என்னிடம் சொன்னாள். அம்மா பக்கம் அவள் திரும்பவே இல்லை. நான் கிளம்பி ரோட்டுக்கு வந்தேன்.