டிஷ்ஷுக்குக் கேட்ட வசவு

டிஷ்ஷுக்குக் காது உண்டு என்று நான் நம்பியிருந்தேன். கண்ணும் உண்டு. டிவிக்குள் இருப்பவர் நமக்குத் தெரிகிறார் என்றால், நாமும் அவருக்குத் தெரியத்தானே வேண்டும்? ஒன்பது வயதில் இதைவிடத் தெளிவாக நான் எதையும் யோசித்ததில்லை. அதனால் செய்தி வாசிக்கும் அக்காவுக்கு எதிரே உட்காருமுன் மூக்கைத் துடைத்துக்கொள்வேன். மலைத் தண்ணீர் கொட்டும் பீலியில் குளிக்கப் போனால் டிஷ் பக்கம் முதுகைத் திருப்பித்தான் துண்டை அவிழ்ப்பேன். முதுகைக் காட்டினால் மட்டும் மானம் தப்புமா என்று அப்போது தோன்றவில்லை.

அந்த டிஷ் சித்தப்பா கட்டியது. கொழும்பில் எலெக்ட்ரிக் கடையில் வேலை பார்த்துத் திரும்பியவர். கம்பியை வளைத்து, கோழிக்கூட்டுக்கு அடிக்கும் வலையை இழுத்துக் கட்டி, எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளுக்குப் பின்னால் மரக்கறிப் பாத்தியில் நிறுத்தினார். அது ஏறக்குறைய நேர் மேலே வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

“மழத் தண்ணி புடிக்கவா தம்பி இம்புட்டுப் பெரிய சட்டி?” என்று லயமே சிரித்தது. எங்கள் வட்டவளை மழையோ வலைக்குள் விழுந்து அப்படியே பாத்திக்குப் போனது.

சித்தப்பா டிஷ்ஷை விரல் அளவு விரல் அளவாகத் திருப்புவார். நான் ஜன்னலில் நின்று, “வருது! போச்சு! வருது!” என்று கத்துவேன். ஒரு மாலை வந்தது போகவில்லை. இந்தியாவிலிருந்து தமிழ், மாதக் கட்டணம் இல்லாமல். வானத்தில் சும்மா கிடந்ததைச் சித்தப்பா வலை போட்டுப் பிடித்துவிட்டார். சிரித்த லயம் பாயைச் சுருட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தது.

அந்த நாட்களில்தான் பறித்த கொழுந்து நிறை குறைவென்று, தோட்டத்தை நிர்வகிக்கும் பெரிய துரை என் அம்மாவுக்கு அரைப்பேர் போட்டுப் பாதிச் சம்பளத்தை வெட்டினார். எனக்கு வந்த கோபத்தில் பாத்திக்குள் போய், “பெரிய தொரை ஒரு பன்னி!” என்று கத்தினேன். கத்திய பிறகுதான் தலைக்கு மேலே டிஷ் இருப்பது உறைத்தது.

அடுத்த வாரம் பொலிஸ் ஜீப் வந்தது. வடக்கில் சண்டை நடந்த காலம்; தமிழ் இளைஞர்களைத் தேடி ஜீப் வருவது பெரியவர்களுக்குப் புதிதல்ல. எனக்கோ அது என் வசவைத் தேடி வந்த ஜீப்.

வந்த அதிகாரி டிஷ்ஷைக் காட்டி, தெரிந்த தமிழில் சித்தப்பாவைக் கேட்டார்.

“இதிலே யார்கூட பேசறது?”

“பேச முடியாதுங்க மாத்தயா. படம் பாக்க மட்டுந்தாங்க.”

“பொய் சொல்ல வேணாம்.”

என் டவுசர் நனைந்துவிட்டது. வீரம் வந்ததும் அந்த ஈரத்தோடுதான். ஓடிப்போய் நடுவில் நின்றேன்.

“அவரு பேசலங்க! நாந்தாங்க பேசுனேன்! பன்னின்னு சொன்னேன்!”

அம்மா என் வாயைப் பொத்தினார். அதிகாரி சிரித்துவிட்டார். சித்தப்பாவும் சிரித்தார். அப்புறம் அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள். சாட்சிக்கென்று ரிசீவரையும் எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டில் அடுப்பு சரியாக எரியவில்லை. நான் என் பங்குக்குத் தினமும் டிஷ்ஷின் கீழே நின்று, “பெரிய தொரை நல்லவரு. ரொம்ப ரொம்ப நல்லவரு” என்று மேலே பார்த்துச் சொல்லிவந்தேன். இந்தத் தோட்டத்தில் துரையை அவ்வளவு புகழ்ந்த ஆள் வேறு யாரும் இருந்திருக்க முடியாது.

மாதங்கள் கழித்துச் சித்தப்பா வந்தார். பலித்துவிட்டது என்று துள்ளினேன். வலது கையால் அவரால் பிளேன்டீ கோப்பையைத் தூக்க முடியவில்லை.

“மறுபடி படம் காட்டுங்க சித்தப்பா.”

“வேணாம்டா” என்றார். டிஷ்ஷில் போஞ்சிக்கொடி ஏறியது.

என் வாயால்தான் அவர் போனார் என்று மீசை முளைக்கும்வரை நம்பிக்கொண்டிருந்தேன். அதன் பிறகுதான் ஒன்று உறைத்தது: அன்று சித்தப்பாவை ஏற்றும்போது, தோட்டத்தின் கீழ்ப்பகுதியான கீழ்க்கணக்குப் பையன்கள் மூன்று பேர் ஏற்கெனவே ஜீப்புக்குள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் லயத்தில் டிவி பார்க்கக் கரண்டே கிடையாது.