ஆறாட்டு நாளில் வந்த விமானம்

மஸ்கட்டில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, தலையில் அடிபட்டுக் கிடந்த தம்பியை ஏர் ஆம்புலன்சில் கொண்டுவர நாள் குறித்தது அப்பாதான்.

"பங்குனி ஆறாட்டு அன்னைக்கே வரட்டும். சாமி கடலுக்குக் குளிக்கப் போற நாளு."

சாலை பஜாரில் அரிசி மண்டி வைத்த நாளிலிருந்து ஓர் ஆறாட்டையும் விடாதவர் அவர். எதிர்த்துப் பேச யாருக்கு வாய் இருந்தது? ஊர்வலம் விமான நிலைய ஓடுபாதையைக் கடந்துதான் போகும், அது கடந்து முடியும்வரை ஓடுபாதையை மூடிவிடுவார்கள், எந்த விமானமும் இறங்காது என்பது எங்கள் தெருவில் குழந்தைக்கும் தெரியும். தெரிந்து என்ன, ஒருவருக்கும் உறைக்கவில்லை. மதியமே இறங்கிவிடும் என்று ஏர் ஆம்புலன்சுக்கு ஏற்பாடு செய்த ஏஜென்ட்டும் சொல்லியிருந்தார்.

மஸ்கட்டில் விபத்து என்றால் போலீஸ் கேஸ். அதை முடித்துக் கொடுக்காமல் நோயாளி நாட்டைத் தாண்ட முடியாது. காலையில் வரவேண்டிய அனுமதி இழுத்துக்கொண்டே போனது. ஏஜென்ட் போனில் கூப்பிட்டார்.

"சேச்சி, பேப்பர் இப்பத்தான் கிட்டுச்சு. நாலு மணிக்கு ரன்வே அடைக்கும். அதுக்குள்ள வரலேன்னா கொச்சிக்குத் திருப்பணும், அதுக்கு வேற பெர்மிஷன். அங்க வென்டிலேட்டர் வண்டியும் ரெடியில்ல. புறப்படச் சொல்லட்டா?"

"நாளைக்கு வந்தா?"

"மஸ்கட் ஆஸ்பத்திரில தம்பியோட பெட்டை வேற ஆளுக்குக் கொடுத்தாச்சு, சேச்சி."

"புறப்படச் சொல்லுங்க."

போனை வைத்தேன். பக்கத்தில் நின்ற அப்பாவின் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

ஓடுபாதை மூடுவதற்குச் சற்று முன் விமானம் இறங்கியது. ஆனால் பாஸ்போர்ட் பார்க்க அதிகாரிகள் வந்து, முத்திரை விழுந்து, ஆம்புலன்ஸ் வண்டி வெளியே வருவதற்குள் ஊர்வலமே புறப்பட்டுவிட்டது. நானும் அப்பாவும் முன்சீட்டில். பின்னால் தம்பிக்குக் குழாய் வழியே மூச்சு ஓடிக்கொண்டிருந்தது. விமான நிலையத்தை ஒட்டிய வள்ளக்கடவில் சாலையை அடைத்துக்கொண்டு கூட்டம் நின்றது. தூரத்தில் யானை தெரிந்தது, மேளம் கேட்டது. சைரனுக்கு ஒருவரும் நகரவில்லை.

"ரத்த அழுத்தம் இறங்குது, வண்டியை எடுங்க," என்றார் பின்னாலிருந்த டாக்டர்.

அப்பா கதவைத் திறந்து இறங்கினார். கும்பிடப் போகிறார் என்று நினைத்து எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் சாமி வரும் பக்கம் முதுகைக் காட்டி நின்று, இரண்டு கைகளாலும் கூட்டத்தைத் தள்ளினார்.

"வழி விடுங்க. சாமி கொஞ்சம் நிக்கட்டும். என் பிள்ளை போகட்டும்."